ரயில்வே கேட்டிலிருந்து சிறுபாலம் வரை

திருவண்ணாமலையில் குடியிருந்துகொண்டு கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்துக்கு டாக்டராகத் தினமும் போய்வந்த வருடங்களில், நான் ஒருவரோடு கார் பந்தயம் ஓட்டினேன். வெளியில் சொன்னதில்லை. சொன்னால் கேட்பவர்கள் வேறு எதையோ நினைத்துக்கொள்வார்கள். டயர் கிறீச்சிடும், புகை கிளம்பும், ஊரே சிதறி ஓடும் என்று. எங்களுடையதில் அப்படி ஒன்றும் இல்லை. இரண்டுமே எண்ணூறு சிசி சின்னக் கார்கள். அவற்றை முழுசாக மிதித்தாலும், கொஞ்சம் பழகிய பைக்காரன் பீடியை வாயில் வைத்தபடியே தாண்டிப் போய்விடுவான். அந்த வண்டிகளில்தான் நாங்கள் பத்து வருடத்துக்கு மேல் போட்டி போட்டோம்.

கார் வாங்கியது ஆசையினால் இல்லை. மாடுகளுக்குச் சினை ஊசி போடுவதற்கான உறைவிந்தை நைட்ரஜன் கேனில்தான் வைத்திருக்க வேண்டும். அலுமினியத்தில் பெரிய தவலை மாதிரி இருக்கும். மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் புகை வழியும். அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் கண்டக்டர்கள் ஏற்ற மாட்டார்கள். வெடிக்குமா என்று கேட்பார்கள். வெடிக்காது என்று நான் சொன்னதை யாரும் நம்பியதில்லை. ஒருமுறை பாதி வழியில் இறக்கிவிட்டுவிட்டார்கள். எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலைக் கொல்லை ஓரமாகக் கேனை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன். அந்த வாரமே என் கணவர் யார் யாரிடமோ விசாரித்து, பழைய வெள்ளைக் கார் ஒன்றைப் பேசி முடித்தார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் பயம். தாலுகா ஆபீசுக்கு சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தார். ஆக, எங்கள் வீட்டில் கார் என்பது என்னுடைய பொறுப்பானது. தொண்ணூறோ தொண்ணூற்றொன்றோ இருக்கும். ஊரில் கார் ஓட்டும் பெண்களை அப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். கடைத்தெருவில் போனால் ஆட்கள் வண்டியைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு பக்கத்து சீட்டில் ஆண் யாராவது இருக்கிறாரா என்று பார்ப்பார்கள்.

ஊரை விட்டுக் கிழக்கே வெளியேறும் வழியில் ரயில்வே கேட். காலையில் நான் போகும் நேரமும் பாசஞ்சர் வண்டி வரும் நேரமும் ஒன்றாகவே இருக்கும். அந்த இடத்தில் சாலை அகலம். கேட் அடைத்திருந்தால் இடப்பக்கம் ஒரு வண்டியும் வலப்பக்கம் ஒரு வண்டியுமாகத் தடுப்புக் கம்பத்தை ஒட்டி நிற்பது வழக்கம். எதிரில் ஊருக்குள் வருகிற வண்டிகள் அந்த நேரத்தில் கம்மி. கேட்டைத் தாண்டினால் சாலை நேராகப் போகும். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு சிறுபாலம். அதன் கைப்பிடிச் சுவர்களுக்கு நடுவே ஒரு வண்டிதான் போக முடியும். கேட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு வண்டிகளில் எது முதலில் பாலம் ஏறும் என்பது அங்கே நிற்கும் எல்லாருக்கும் தினமும் ஒரு சின்னக் கேள்வி.

முதல் தடவை என் வலப்பக்கத்தில் வந்து நின்றது என் காரின் அச்சு அசல் இரட்டை. நிறம் மட்டும் வெளிர் நீலம். ஓட்டுபவர் பருத்த மனிதர், நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பின்சீட்டில் இரண்டு கோணி மூட்டைகள். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, என் வண்டியைப் பார்த்தார். கேட்கீப்பர் சக்கரத்தைச் சுற்றச் சுற்றத் தடுப்பு மெதுவாக எழுந்தது. நான் கிளட்சை அவசரமாக விட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது. பின்னால் ஆரன்கள். நான் மறுபடி சாவியைத் திருகுவதற்குள் நீலக் கார் பாலத்தைத் தாண்டிவிட்டது.

அவமானம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று முழுக்க மாடுகளுக்கு ஊசி போடும்போதெல்லாம் என் இடது கால் தானாகவே கிளட்சைத் தேடிக்கொண்டிருந்தது. மறுநாள் கேட்டில் அவர் வருவாரா என்று பார்த்தேன். வந்தார். அன்றும் தோற்றேன், ஆனால் வண்டி நிற்கவில்லை. அதற்கடுத்த வாரங்களில் தண்டவாளத்தின் மேட்டில் எவ்வளவு மிதிப்பது, முதல் கியரை எங்கே விடுவது என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது. ஒருநாள் பாலத்தை நெருங்கும்போது என் வண்டியின் மூக்கு அவருடையதற்கு அரை பானெட் முன்னால் இருந்தது. அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, போங்க என்பதுபோல் காட்டிவிட்டுக் காலைத் தளர்த்தினார். நான் முதலில் பாலம் ஏறினேன். பின்கண்ணாடியில் நீலக் கார், அதற்குப் பின்னால் கேட், அதற்கும் பின்னால் மலை. கீழ்பென்னாத்தூர் போய்ச் சேரும்வரை என் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததை, வாசலில் மாட்டோடு நின்ற விவசாயி ஒருவர் என்ன விசேஷம் என்று கேட்டபிறகுதான் உணர்ந்தேன்.

பேசிக்கொள்ளாமலே எங்களுக்குள் சில விதிகள் உண்டாயின. சாலையில் சைக்கிளோ, பால்காரரோ, மாட்டு வண்டியோ இருந்தால் அன்று பந்தயம் இல்லை. எதிரில் ஒரு லாரியின் தலை தெரிந்தாலும் இல்லை. பௌர்ணமிக்கு முன்னும் பின்னும், தீபத்து வாரத்திலும் சிறப்புப் பேருந்துகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். அப்போதும் இல்லை. கேட்கீப்பர் எங்களைக் கண்டுகொண்டார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். தடுப்பைத் தூக்கும் முன் பாலத்தின் பக்கம் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். வழி காலியாக இருந்தால் எங்கள் பக்கம் திரும்பித் தலையை ஒருமுறை அசைப்பார். இல்லையென்றால் எங்களைப் பார்க்கவே மாட்டார். அவர் பார்க்காத நாட்களில் நாங்கள் இருவரும் மரியாதையாக ஒருவர் பின் ஒருவராகப் போவோம்.

நீலக் கார்க்காரர் யாரென்று தெரிந்தது ஒரு பசுவினால். ஒருநாள் மருந்தகத்துக்கு ஆள் வந்தது. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவரின் பசு, கன்று போட்ட மறுநாள் படுத்துவிட்டது, எழுந்திருக்கவில்லை என்று. பால் சுரம்தான். கன்று போட்டதும் சுண்ணாம்புச் சத்து இறங்கிப்போய் மாடு மடங்கிப் படுத்துவிடும். மருந்தை ரத்தக்குழாயில் மெதுவாக ஏற்றினால் கண்ணெதிரே எழுந்து நிற்கும். மண்டிக்குப் பின்னால் போனேன். நீலக் கார் நின்றிருந்தது. அவர் மாட்டின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். நான் ஊசியைக் குத்திவிட்டு, மருந்து பாட்டிலை உயரத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் சொட்டு இறங்குவதையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"டாக்டரம்மா தப்பா நெனைக்கலன்னா ஒண்ணு சொல்றேன்" என்றார் பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டாவது கியர நீங்க சீக்கிரமா வுட்டுடறீங்க."

"உங்க பின்சீட்ல ரெண்டு மூட்டை இருக்கு. அதனாலதான் நான் முந்தறேன். அதுவும் எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் சிரித்தார். பாட்டில் குலுங்கியது. நேராகப் பிடிக்கும்படி அதட்டினேன். சற்று நேரத்தில் பசு முன்னங்கால்களை ஊன்றி, உடம்பைச் சிலிர்த்து எழுந்து நின்றது. அவர் கண் கலங்கி மாட்டின் முதுகைத் தடவினார். கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். என் நைட்ரஜன் கேன் எத்தனை கிலோ இருக்கும் என்று. சொன்னேன்.

மறுநாளிலிருந்து அவர் வண்டியில் மூட்டைகள் இல்லை. முன்சீட்டில் ஒரு சின்னக் கோணிப்பை மட்டும் இருந்தது. கேட்டில் நிற்கும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு, தான் என்னைவிட கனம், என்னிடம் கேனும் மருந்துப் பெட்டியும் இருக்கிறது, எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் இன்னும் கொஞ்சம் தன் பக்கம் வைத்தால்தான் சரியாக வரும் என்று விளக்கினார். சரிசமமாக இருந்தால்தான் ஓட்டுகிறவர் யாரென்று தெரியும் என்பது அவர் எண்ணம். வண்டியில் எதையும் மாற்றக் கூடாது, கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்பதையும் அன்றுதான் முடிவு செய்தோம். மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. என்ன மாற்றலாம் என்றே தெரியாது.

அந்த வண்டிகளிடம் என்ன இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன். இழுவை இல்லை என்பதுதான் இருந்தது. பலமுள்ள வண்டியில் கிளட்சைத் தப்பாக விட்டாலும் அது சமாளித்துக்கொண்டு பாய்ந்துவிடும். ஓட்டுகிறவரின் தப்பை வண்டியே மூடிவிடும். எங்கள் வண்டிகள் எதையும் மூடவில்லை. கியர் மாற்றும்போது ஒரு மூச்சு தாமதித்தால் அந்தத் தாமதம் பாலம் வரைக்கும் கூடவே வரும். இழந்ததைத் திரும்பப் பிடிக்க அவற்றிடம் மிச்சம் எதுவும் கிடையாது. அதே சமயம், வண்டியில் உள்ள அத்தனையையும் பயன்படுத்தலாம். ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்து, எஞ்சின் கத்திக் கத்தி முடியும்வரை மிதித்திருக்கலாம். ஆபத்தில்லை. பக்கத்து வண்டி கூடவே வரும், ஒரு கை நீளம் முன்னால், ஒரு கை நீளம் பின்னால். அதன் சத்தம் என் சத்தத்தோடு சேர்ந்துகொள்ளும். அவர் எப்போது கியர் மாற்றினார் என்பது காதில் விழும். அவருக்கு நான் மாற்றுவது கேட்கும். வேகமான வண்டிகளில் இது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். எங்களுக்கு மெதுவாக நடந்தது, அதனால் முழுசாகக் கிடைத்தது. வீட்டில், ஆபீசில், கிராமங்களில், எல்லா இடத்திலும் காலைப் பாதி அழுத்தியே பழகியவள் நான். ஒரு நாளில் அந்தக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் முழுசாக அழுத்தினேன்.

யார் அதிகம் ஜெயித்தார் என்று நாங்கள் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. மழை நாட்களில் அவர்தான். கோடையில் பெரும்பாலும் நான்.

என் கணவருக்குத் தெரிந்தது தொண்ணூற்று நாலு வாக்கில். அவருக்குக் கீழ்பென்னாத்தூரில் ஏதோ ஆபீஸ் வேலை. என்னோடு வருவதாகச் சொல்லி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கேட் அடைத்திருந்தது. நீலக் கார் வந்து நின்றது. கேட்கீப்பர் தலையை அசைத்தார். இன்றைக்கு வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் தடுப்பு எழுந்ததும் கால் கேட்கவில்லை. என் கணவர் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கனமும் சேர்ந்ததால் நன்றாகவே தோற்றேன். பாலம் தாண்டியபின்தான் அவர் டேஷ்போர்டிலிருந்து கையை எடுத்தார்.

"இதுதான் தினமும் நடக்குதா" என்றார் கடைசியில்.

"ஆமா."

"இந்த வேகத்துலயா?"

"ஆமா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். பிறகு அவர் முகம் மாறியது. அந்த ஆள் யாரென்று கேட்டார். சொன்னேன். பெயர் கேள்விப்பட்டிருக்கிறார், நல்ல மனிதர்தான் என்றார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நான் வேணாம்னு சொல்லலம்மா. ஊர் பாத்துக்கினு இருக்கு. பேச்சு வராம பாத்துக்க, அவ்ளோதான்" என்றார். அதற்குமேல் அந்த விஷயத்தை அவர் எப்போதும் எடுக்கவில்லை. சந்தேகப்படுகிற மனிதர் இல்லை அவர். பெண்டாட்டியைப் பற்றி டீக்கடையில் எதையாவது கேட்க நேர்ந்துவிடக் கூடாதே என்ற கவலை, அவ்வளவுதான்.

அந்த ஒரு வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திப் பேசியதில்லை. மண்டிக்காரரின் பசுக்களைப் பார்க்கப் போனால் உதவியாளரையும் கூட்டிக்கொண்டு போனேன். டவுனில் அவர் வீடு எங்கள் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரம். மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தார். போகவில்லை. அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றுகூடக் கடைசிவரை முடிவு செய்யவில்லை. அண்ணன் என்று சொல்லியிருக்கலாம், சார் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் சரியாக வரவில்லை. கேட் அடைத்திருக்கும் நேரத்தில், இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே, ரயில் வரும்வரை பேசியதுதான் எங்கள் பேச்சு முழுவதும். ரயில் சத்தத்தில் பாதி காதில் விழாது.

அப்படித்தான் ஒருநாள் அவர் நாலாவது கியரைப் பற்றிச் சொன்னார். கேட்டிலிருந்து பாலத்துக்குள் மூன்றாவது கியர் முழுசாக ஏறுவதற்குள் யாராவது ஒருவர் காலை எடுத்தாக வேண்டும். நாலாவதில் யார் வண்டி நன்றாகப் போகும், யார் கை பொறுமை என்பது இத்தனை வருடத்தில் தெரியவே இல்லை. பாலத்தைத் தாண்டி ஏரிக்கரை வரைக்கும் சாலை நேர்தான், ஆனால் பஸ், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ரோட்டில் காயப்போட்ட மல்லாட்டை என்று ஒருநாளும் காலியாக இருக்காது.

"அடுத்த வாரம் பந்த் சொல்லிருக்காங்க" என்றார். "ஒரு வண்டி ஓடாது. நீங்க வந்தீங்கன்னா பாலத்துக்கு அந்தாண்டயிருந்து ஏரிக்கரை வரைக்கும் பாத்துடலாம். ஒரே ஒரு தபா."

வருகிறேன் என்றேன். அந்த ஒரு வாரமும் நான் வேறு ஆளாக இருந்தேன். டயரில் காற்று பார்த்தேன். சீட்டுக்கு அடியில் கிடந்த பழைய செருப்பு, தண்ணீர் கேன், கிழிந்த பாய் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். என் கணவரிடம் சொல்லவா வேண்டாமா என்று யோசித்து, சொல்லாமலே விட்டேன். முப்பத்தைந்து வயதுக்காரி, ஒரு பிள்ளையைப் பெற்றவள், தேர்வுக்கு முதல்நாள் மாதிரி தூங்காமல் புரண்டேன்.

பந்த் அன்று காலையில் நான் சாவியை எடுக்கும்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அடி அண்ணாமலையிலிருந்து ஒருவர். அவருடைய எருமை விடியலில் கன்று போட்டிருக்கிறது, கருப்பை வெளியே தள்ளிவிட்டது. அதில் யோசிக்க இடமில்லை. நேரம் போகப் போக வீங்கும், ரத்தம் கெட்டுவிடும், எருமை செத்துப்போகும். கீழ்பென்னாத்தூர் சாலை ஒரு பக்கம், அடி அண்ணாமலை மலைக்கு அந்தப் பக்கம். அவர் சைக்கிளை எங்கள் வாசலிலேயே சாய்த்துவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். காலியான தெருக்களில் வண்டியை விரட்டினேன். கிரிவலப் பாதையில் ஒரு சாமியார் மட்டும் நடந்துபோனார். சர்க்கரைக் கரைசல் ஊற்றி வீக்கத்தை வற்றவைத்து, கழுவி, உள்ளே தள்ளி, தையல் போட்டு முடிக்க மதியமாகிவிட்டது. தோள்வரை ரத்தமும் நிணமுமாக நான் நிமிர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. அந்த வீட்டுப் பெண்கள் என் கைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். எருமை தலையைத் தூக்கிக் கன்றை நக்கியது. எனக்கு அதில் சந்தோஷம் இருந்தது. அதோடு கூடவே இன்னொன்றும் இருந்தது, அதை அங்கே யாரிடமும் சொல்ல முடியாது. இனிப் போய் என்ன செய்வது என்று நேராக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் கேட்டில் அவர் கண்ணாடியை இறக்கினார். அவர் கேட்பதற்குள் நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எருமை பொழச்சுதா?" என்றார்.

"பொழச்சுது."

"அப்ப சரி" என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, தான் வெயில் ஏறும்வரை பாலத்தடியில் காத்திருந்ததாகவும், கடைசியில் தனியாக ஏரிக்கரை வரை ஓட்டிப் பார்த்ததாகவும் சொன்னார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நாலாவது கியர் போட்டேன். பக்கத்துல யாரும் இல்ல. வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியல டாக்டரம்மா."

இன்னொரு பந்த் வரும் என்று இருவரும் சொல்லிக்கொண்டோம். வந்தன. ஒன்றில் அவர் ஊரில் இல்லை. இன்னொன்றில் என் மகனுக்கு அம்மை. பிறகு அதைப் பற்றிய பேச்சு குறைந்துபோனது.

அவருடைய மகன் தலையெடுத்து வியாபாரம் பெரிசான பிறகு வீட்டுக்குப் புதுக் கார் வந்தது. நீளமான, கறுப்பு நிறத்தில், ஏசி போட்ட கார். அதில் அவர் முதல் தடவை கேட்டுக்கு வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. தடுப்பு எழுந்தது. நான் மூன்றாவது கியருக்குக் கையைக் கொண்டுபோவதற்குள் அந்தக் கார் பாலத்தைத் தாண்டியிருந்தது. சத்தமே இல்லை. பாலத்துக்கு அப்பால் ஓரங்கட்டி, கீழே இறங்கி நின்றிருந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நானும் நிறுத்தினேன்.

"இதுல ஒண்ணும் இல்ல" என்றார். தப்பு செய்துவிட்டவர் மாதிரி முகம். "கால வெச்சா போயிடுது. நான் ஒண்ணுமே பண்ணல."

பழைய வண்டி மண்டிக் கொட்டகையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் அதை எடுத்துவருகிறேன் என்றார். சொன்னபடி கொஞ்ச காலம் வந்தார். பெரிய காரில் வரும் நாட்களில் எனக்குப் பின்னால்தான் வருவார். ஒருமுறை பக்கத்தில் நின்று, வேண்டுமென்றே மெதுவாக வந்து, பாலத்தை எனக்கு விட்டார். அந்த ஜெயிப்பு எனக்கு நாளெல்லாம் கசந்தது. அவருக்கும் கசந்திருக்க வேண்டும், மறுபடி அப்படிச் செய்யவில்லை.

பிறகு சர்க்கரை அவருடைய கண்ணைப் பிடித்தது. வெள்ளிக்கிழமைகள் நின்றன. கறுப்புக் காருக்கு டிரைவர் போட்டார்கள். அவர் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். என் வண்டியின் சத்தத்தை வைத்தே நான் நிற்பது தெரியும் போலிருக்கிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு, "என்ன டாக்டரம்மா, எஞ்சின் கொஞ்சம் அடிக்குதே" என்பார். டிரைவர் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட் திறந்ததும் அவர்கள் போய்விடுவார்கள்.

அவர் பின்சீட்டில் வந்த அந்த ஒரு வருடம் முழுக்க எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. அவரை என் வண்டியில் ஒருநாள் ஏறிக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்கரை வரை, மெதுவாக. ஓட்ட முடியாவிட்டாலும் சத்தத்தைக் கேட்கலாம். நாலாவது கியரில் ஓடும்போது பக்கத்தில் ஒருவர் இருப்பார். காலையில் கிளம்பும்போது இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். கேட்டில் அந்த டிரைவரின் பிடரியைப் பார்த்ததும் வாய் வராது. டிரைவர் மண்டிக்காரரின் மகனிடம் சொல்வார், மகன் என்ன நினைப்பான், அது எங்கே போகும் என்று மனம் ஓடும். ரயில் வந்து போய்விடும். தடுப்பு எழுந்துவிடும். நாளைக்கு என்று விட்டுவிடுவேன்.

ஒரு கட்டத்தில் அவர் வருவது நின்றது. எனக்கும் போளூர் பக்கம் மாற்றல் வந்தது. அந்தச் சாலைக்கே வேலையில்லாமல் போனது. கொஞ்ச காலத்தில் அகலப்பாதை போடுவதற்காக ரயிலையும் நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கேட் எந்நேரமும் திறந்தே கிடக்கிறதாம், யாரும் நிற்காமல் போகிறார்களாம்.

அவர் இறந்த செய்தி தாமதமாகத்தான் வந்தது. மாடு ஓட்டிவந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு வாசற்படியை நான் மிதித்தது அதுதான் முதல் தடவை.

அவருடைய மனைவி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று சொல்ல வாயெடுத்தேன்.

"வெள்ளக் கார் டாக்டரம்மாதானே" என்றார். "ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். அவர் காபி கொண்டுவரச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தார். எல்லாம் தெரிந்திருக்கிறது அவருக்கு. முதல் நாள் என் வண்டி நின்றுபோனதிலிருந்து. தினமும் மண்டியிலிருந்து திரும்பியதும் "இன்று நான் ஜெயித்தேன்", "இன்று அந்தம்மா ஜெயித்துவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாராம். பாசஞ்சர் வண்டி தவறிவிடக் கூடாது என்று காலையில் அவசரப்படுத்துவாராம். வீட்டில் எல்லாருக்கும் அது ஒரு வேடிக்கை. மருமகள்கூடக் கேட்பாளாம், இன்றைக்கு யார் என்று.

"நானும் ஒரு நாள் கூட வரேன், பாக்கணும்னு கேட்டேன்" என்றார். "வெயிட் ஜாஸ்தியாயிடும்னு ஏத்திக்கவே இல்ல அந்த மனுஷன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நீலக் காரைப் பற்றிக் கேட்டேன். கொட்டகையில் கிடந்து துருப்பிடித்துவிட்டது, மகன் போன மாதம்தான் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டான் என்றார். கண் தெரியாமல் போன பிறகும் சில நாள் மண்டிக்குப் போய் அதில் ஏறி உட்கார்ந்திருப்பாராம். கதவைச் சாத்திக்கொண்டு, கையை கியரில் வைத்துக்கொண்டு. யாராவது வந்து கூப்பிட்டால்தான் இறங்குவாராம்.

நான் காபியைக் குடித்தேன். ஊர் என்ன பேசும் என்று இத்தனை வருடம் நான் ஒதுங்கி ஒதுங்கிப் போன வீடு இது. இங்கே என்னைப் பற்றித் தினமும் பேசியிருக்கிறார்கள், சோறு போடும்போது, சிரித்துக்கொண்டு.

புறப்படும்போது அந்தம்மா வாசல்வரை வந்தார். என் வண்டியைப் பார்த்தார். மாறவே இல்லையே என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, குறையாகச் சொல்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னார்.

"ஒரு தபா வூட்டுக்கு வந்திருக்கலாம் நீங்க. அவரு இருக்கும்போது."

"வந்திருக்கலாம்" என்றேன்.